ஒட்டுசுட்டான் கடைக் குறிப்புகள்: ஒக்டோபர் 14க்கு முன்னும் பின்னும்

2025 ஒக்டோபர் 3, வெள்ளி

கடையைத் திறந்து கொம்பியூட்டரைப் போட்டால் திரை முழுக்க ஓர் அறிவித்தல். விண்டோஸ் 10க்கான ஆதரவு 14ஆம் திகதியோடு முடிகிறதாம். வாசலில் அதற்குள் நான்கு பேர் நிற்கிறார்கள். காலபோக விதைப்புக் காலம். காணி உறுதி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் என்று எல்லாவற்றிலும் இரண்டு பிரதி வேண்டும். "பிறகு நினைவூட்டு" என்று இருந்ததை அமத்திவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மூலையில் உள்ள பெருக்கல் குறியை அமத்தவில்லை. அது பழைய பயம். 2016இல் என்னிடம் விண்டோஸ் 7. இலவசமாக 10க்கு மாறுங்கள் என்று ஒரு பெட்டி வந்துகொண்டே இருந்த காலம். பெருக்கல் குறியை அமத்தினால் "வேண்டாம், போ" என்றுதான் யாரும் விளங்குவோம். அந்த வருடம் மே மாதம் மைக்ரோசொப்ட் அந்தக் குறிக்கு வேறு அர்த்தம் கொடுத்தது: பெட்டியை மூடினாலும், குறித்த நேரத்தில் மாற்றம் நடக்க நீங்கள் சம்மதித்ததாகக் கணக்கு. உலகம் முழுக்கத் திட்டு வாங்கி, அடுத்த மாதமே "இலவச மாற்றம் வேண்டாம்" என்று தனியாக ஒரு தெரிவைப் போட்டார்கள். கலிபோர்னியாவில் ஒரு பெண் வழக்குப் போட்டு 10,000 டொலர் வாங்கினார்.

அன்றிலிருந்து எந்த அப்டேற்றைக் கண்டாலும் முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

வவுனியாவிலிருந்து மருமகன் வந்தான். பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறான். வந்ததும் பின்னறை மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமா, இது நாலாவது தலைமுறை ஐ5. விண்டோஸ் 11 இதுக்கு ஏறாது" என்றான். இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். நல்லாக ஓடுகிற மெஷின். வாங்கி நாலு வருடம்தான் ஆகிறது, அதுவும் எங்கேயோ அலுவலகத்தில் கழித்துவிட்டது.

சரி, 11 வேண்டாம். 10க்கே இன்னும் ஒரு வருடம், 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருகிறார்களாம். அதற்கு மூன்று வழி. 30 டொலர் கட்டலாம். அவர்களுடைய தேடுபொறியைப் பாவித்துச் சேர்க்கும் புள்ளிகளில் 1,000 கொடுக்கலாம். அல்லது உங்கள் செட்டிங்ஸை அவர்களுடைய கிளவுட்டோடு இணைத்தால் இலவசம். எந்த வழியில் போனாலும் மைக்ரோசொப்ட் கணக்கில் உள்நுழைந்தே ஆக வேண்டும்.

அதாவது, பாதுகாப்பு வேண்டுமென்றால் முதலில் உன் விபரத்தைத் தா. இந்த வசனத்தை எனக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை.

நியாயமாகச் சொன்னால், இலவச வழிக்கு அவர்கள் கேட்பது செட்டிங்ஸை மட்டும்தான், கோப்புகளையல்ல. ஆனால் செட்டிங்ஸை இணைக்கிற அதே செயலியில் டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் மேலே ஏற்றுகிற சுவிட்சுகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. என் டெஸ்க்டொப்பில் என்ன கிடக்கிறது தெரியுமா? காணிப் பிணக்கு மனுக்கள், பிறப்பு அத்தாட்சிகள், காணாமல் போன பிள்ளைகளைத் தேடித் தாய்மார் எழுதுவித்த கடிதங்கள். என்னுடையது என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. அதனால்தான் யோசனை.

இரவு பாரிஸிலிருந்து தம்பி எடுத்தான். அவனுக்கு அந்தச் செட்டிங்ஸ் நிபந்தனையே இல்லையாம்! ஐரோப்பியப் பொருளாதார வலய நாடுகளில் உள்ளவர்கள் கணக்கில் உள்நுழைந்தால் போதும், காசும் வேண்டாம், கிளவுட்டும் வேண்டாம். அங்குள்ள நுகர்வோர் அமைப்புகள் கேட்டன, கொம்பனி இறங்கி வந்தது. ஒரே தாய் பெற்ற பிள்ளைகள், ஒரே விண்டோஸ் 10. அவனுக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலை. எங்களிடமும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். இந்த வருடம் மார்ச் 18 முதல் அமுலாகும் என்றிருந்த முக்கிய பகுதிகளைப் பின்போட்டார்கள்.

ஒக்டோபர் 9, வியாழன்

பின்னேரம் மழை, ஆட்கள் இல்லை. மருமகன் காட்டிவிட்டுப் போன ஒன்றைத் திறந்து பார்த்தேன். செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குள் போனால், இந்த மெஷின் கொம்பனிக்கு என்ன அனுப்புகிறது என்று பார்க்கிற வசதி 2018இலிருந்து இருக்கிறது. அதைப் போட 1 ஜிபி வரை இடம் கேட்டது, கொடுத்தேன்.

இரண்டு மணித்தியாலம் இருந்து வாசித்தேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம். மெஷினின் மொடல், ரமின் அளவு, திரையின் அளவு, எந்த டிரைவர், எந்த அப்டேற் ஏறியது, எது ஏறவில்லை. தவணைப் பரீட்சைத் தாள் மாதிரி நிரை நிரையாக ஆங்கிலமும் இலக்கமும். நடுவில் ஓரிடத்தில் என் போட்டோஷொப்பின் பெயர் வந்தது. அதைத் திறந்த நேரமும் இருந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

பிறகுதான் கவனித்தேன், என்னுடையது "விருப்பத்துக்குரிய தரவு" என்ற கூடிய நிலையில் கிடந்தது. விற்றவர் முதல்தரம் போடும்போது எல்லாவற்றுக்கும் "ஓம்" அமத்தியிருக்கிறார். அந்த நிலையில், ஒரு புரோகிராம் விழுந்தால் அந்த நேரத்து நினைவகத்தின் ஒரு துண்டும் போகலாம். அதற்குள் நீங்கள் எழுதிக்கொண்டிருந்த கோப்பின் பகுதி தற்செயலாக அகப்படலாம் என்று மைக்ரோசொப்டே எழுதி வைத்திருக்கிறது. வேர்ட் விழாத கடை எங்கே இருக்கிறது?

"தேவையான தரவு" என்ற குறைந்த நிலைக்கு மாற்றினேன். அதற்குக் கீழே போக எங்களைப் போன்றவர்களுக்கு வழியில்லை. முற்றாக நிறுத்துகிற நிலை பெரிய நிறுவனங்களும் கல்வி நிலையங்களும் வாங்குகிற பதிப்புகளுக்குத்தான்.

முன்பு ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறங்கி வரிசையில் நிற்போம். பெயர், அடையாள அட்டை இலக்கம், எங்கே போகிறீர், யாரிடம், எத்தனை நாள். பிடிக்காத வேலைதான். ஆனாலும் எழுதுகிறவரின் கொப்பியைத் தலைகீழாகவாவது வாசிக்க முடிந்தது. என் பெயரைப் பிழையாக எழுதினால் "அது ழானா இல்லை, ளானா" என்று சொல்லவும் முடிந்தது. அந்தச் சாவடியை எடுத்தது 2015 ஓகஸ்டில். விண்டோஸ் 10 வந்தது அதற்கு ஒரு மாதத்துக்கு முந்தி, ஜூலை 29இல். இதைச் சொன்னால் மருமகன் சிரிப்பான். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, எனக்கும் தெரியும்.

மூன்று வருடம் கழித்துத்தான் மைக்ரோசொப்டின் கொப்பியைத் தலைகீழாக வாசிக்க விட்டார்கள். அதுவும் வெளியில் இருந்து நெருக்கியதால்தான் என்று நினைக்கிறேன். 2016 ஜூலையில் பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அளவுக்கு மிஞ்சிச் சேர்க்கிறீர்கள் என்று மூன்று மாதத் தவணை கொடுத்தது. அடிப்படை நிலையில் சேர்ப்பதைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்த பிறகு 2017இல் அதை முடித்துக்கொண்டது. பாதியைக் குறைத்தும் விண்டோஸ் ஓடியது என்றால், அந்தப் பாதி முதலில் எதற்கு?

ஒக்டோபர் 14, செவ்வாய்

இன்றுதான் அந்த நாள். ஒன்றும் நடக்கவில்லை. கரண்ட் மட்டும் இரண்டு தரம் போனது.

ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்புக்கே மரியாதை இல்லை. 2016க்குப் பிறகு நான் அப்டேற் சேவையையே நிறுத்தி வைத்திருந்தேன். வேவு பார்க்கிற அப்டேற்களையும் ஓட்டை அடைக்கிற அப்டேற்களையும் ஒன்றாகச் சேர்த்து வெளியில் தள்ளிவிட்டேன். 2017 மே 12இல் கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற வன்னாகிரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது இங்கிலாந்தில் வைத்தியசாலைகளே படுத்தன. அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14இலேயே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் கூடுதலாக அகப்பட்டார்கள். நான் தப்பியது, கடையில் அப்போது இன்ரநெற் ஒழுங்காக இல்லாததால்.

2019இல் தப்பவில்லை. காசு கொடுக்காமல் ஒரு புரோகிராமை ஓட்ட ஒரு கிறாக்கை இறக்கினேன். "முதலில் அன்டிவைரஸை நிறுத்து" என்று அதிலேயே எழுதியிருந்தது, நிறுத்தினேன். அடுத்த நாள் காலை ஒரு கோப்பும் திறக்கவில்லை. எல்லாவற்றின் வாலிலும் புதுப்பெயர், பக்கத்தில் டொலர் கேட்டு ஒரு கடிதம். மூன்று வருடத்து வேலை போய்விட்டது. பெயர் ஊர் தெரிந்த ஒரு கொம்பனியை நம்பமாட்டேன் என்று நின்றவன், பெயர் ஊர் தெரியாத ஒருவனுக்குக் கதவைத் திறந்துவிட்டேன். மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள். சொல்லட்டும்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கடை பூட்டு. மருமகனும் நானும் முன்மெஷினில் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டோம். அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. "இது ஒண்டும் சேகரிக்காது மாமா" என்று பெருமை வேறு. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் 2012இல் 12.10 பதிப்பில் கோப்புத் தேடும் பெட்டியில் எழுதியதை அமேசன் தேடலுக்கும் அனுப்பியது, 16.04 வரும்வரை அதை இயல்பாக நிறுத்தவில்லை என்று சொன்னேன். இந்த மின்ட்டே உபுண்டுவின் மேல்தான் கட்டியிருக்கிறது. முகம் சுருங்கிவிட்டது, பாவம். "ஆனால் அதைக் கண்டுபிடிச்சவையும் கத்தினவையும் லினக்ஸ் ஆட்கள்தான்" என்றான் வடையைக் கடித்தபடி. அதுவும் சரிதான்.

ஒக்டோபர் 25, சனி

பழைய லேசர் பிரிண்டர் மின்ட்டில் வேலை செய்ய இரண்டு இரவு போனது. அந்த இரண்டு இரவையும் பற்றி எழுதுவதாயில்லை.

பாமினி எழுத்துரு நன்றாக வருகிறது. ஆனால் கோயில் துண்டுப்பிரசுரம், கலியாணக் காட் எல்லாம் போட்டோஷொப் 7இல் கிடக்கின்றன. ஆகவே பின்னறை மெஷின் விண்டோஸ் 10ஆகவே இருக்கட்டும் என்று முடிவு. கணக்கும் இல்லை, கிளவுட்டும் இல்லை, இன்ரநெற் வயரையும் கழற்றியாயிற்று. அனுப்பவும் வழியில்லை, வரவும் வழியில்லை. ஆட்கள் வட்ஸ்அப்பில் அனுப்புவது முன்மெஷினில் இறங்கும், அங்கேயிருந்து பென் டிரைவில் பின்னுக்குப் போகும். சைக்கிளில் சாமான் ஏற்றிய காலம் மாதிரி. கடைப் பிள்ளை இரண்டு நாளாக முறைக்கிறாள்.

நவம்பர் 21, வெள்ளி

மாதம் முழுக்க எழுத நேரமில்லை. கார்த்திகை என்றால் படவேலை. மாவீரர் நாளான 27க்கு முன் எல்லாரும் தங்கள் பிள்ளைகளின் படத்தைப் பெருப்பித்து எடுக்க வருவார்கள்.

இன்று மத்தியானம் முள்ளியவளைப் பக்கமிருந்து ஓர் அம்மா. போனில் ஒரு படம் காட்டினார். பெடியனுக்குப் பதினெட்டு வயது இருக்கும், கோயில் வீதியில் வெள்ளை வேட்டியோடு நிற்கிறான். ஓரம் கிழிந்த படத்தை யாரோ போனால் படம் பிடித்திருக்கிறார்கள். கிழிந்ததை ஒட்டி, நிறம் திருத்தி, பன்னிரண்டுக்குப் பதினெட்டில் எடுத்துக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது நான் எல்லாருக்கும் சொல்கிற மாதிரி அவருக்கும் சொன்னேன். "அம்மா, பயப்பிடாதேங்கோ, வேலை முடிஞ்சதும் படத்தை இதிலயிருந்து அழிச்சுப்போடுவன். ஒரு இடத்துக்கும் போகாது."

"ஐயோ, அழிச்சுப்போடாதை தம்பி" என்றார். "எங்களிட்ட இருந்ததெல்லாம் இடம்பெயரேக்க போட்டுது. இது கனடாவில தங்கச்சி வீட்டு அல்பத்தில இருந்தபடியாத்தான் தப்பினது. உன்னட்டையும் ஒண்டு கிடக்கட்டும்."

காசு வாங்கவில்லை. அவர் போனபிறகு தேத்தண்ணி ஆறிக் கிடந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

முல்லைத்தீவு போய் 64 ஜிபி பென் டிரைவ் இரண்டு வாங்கி வந்தேன். "வைத்திரு" என்று சொன்னவர்களின் படங்கள் மட்டும் அதில். கடைப் பிள்ளையிடம் ஒரு கொப்பி கொடுத்து, யார் வைக்கச் சொன்னார்கள், யார் அழிக்கச் சொன்னார்கள் என்று பெயருக்கு நேரே எழுதச் சொல்லியிருக்கிறேன். கொப்பி மேசையில் வாடிக்கையாளர் பக்கம் திரும்பி இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். ஓமந்தை அவளுக்கு நினைவில்லை, அவள் அப்போது பள்ளிக்கூடச் சின்னப்பிள்ளை.

ஒரு டிரைவ் கடை இறாக்கையில். மற்றது மாங்குளத்தில் அக்கா வீட்டு அலுமாரியில். பாரிஸுக்கும் ஒன்று அனுப்புவதா என்று தம்பியிடம் கேட்க வேண்டும்.