ஜஸ்டினின் மேலங்கி

உயர்தர வகுப்பில் கிறிஸ்தவ நாகரிகம் எடுத்தவர்கள் ஏழு பேர். அதில் திருநீற்றோடு வந்து பின்வாங்கில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

முதல் பாடத்தன்றே சேர் கரும்பலகையில் ‘ஆதியிலே வார்த்தை இருந்தது’ என்று எழுதி, ‘வார்த்தை’யின் கீழ் வெண்கட்டி முறியும்படி கோடு கீறினார். அந்த இடத்தில் யோவான் தம் நற்செய்தியில் எழுதிய கிரேக்கச் சொல் லோகோஸ். எபேசு நகரத்துக் கிரேக்கத் தத்துவஞானி ஹெராக்ளிட்டஸ் கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பே கையாண்ட சொல். உலகத்தை ஒழுங்காக இயக்கும் அறிவு என்று ஸ்டோயிக்குகள் என்ற கிரேக்கத் தத்துவப் பிரிவினர் அதை விரித்தார்கள். எபிரேய வேதத்திலும் தேவனுடைய வார்த்தை உண்டு என்பதைச் சேர் சொல்லாமல் விடவில்லை. ஆனாலும் கிரேக்கன் ஒருவன் அந்த வசனத்தைக் கேட்டால், ‘இது எங்கள் வீட்டுச் சொல்லாயிற்றே’ என்று நிமிர்ந்திருப்பான் என்றார்.

எங்களுக்குப் பிடித்தது, இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டினின் கதைதான். மெய்யறிவு தேடிப் புறப்பட்ட ஜஸ்டினுக்கு, முதலில் கிடைத்த ஸ்டோயிக் ஆசிரியர் கடவுளைப் பற்றிய அறிவே தேவையில்லை என்றார். அரிஸ்டாட்டில் வழிவந்தவரோ சில நாளிலேயே கட்டணம் பேசினார். டியூட்டரிக்குக் காசு கட்டாமல் பின்கதவால் நழுவும் எங்கள் கூட்டம் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தது. பித்தாகரஸ் மரபினர், இசையும் வானியலும் கேத்திர கணிதமும் படித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார். கடைசியில் பிளேட்டோவின் வழி மனதுக்கு இசைந்தது. அதன் பிறகே கிறிஸ்து. ஆனால் தத்துவஞானியின் மேலங்கியை மட்டும் ஜஸ்டின் கழற்றவில்லை.

150களில் ரோமப் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில், லோகோஸோடு வாழ்ந்தவர்கள் நாத்திகர் என்று ஏசப்பட்டாலும் கிறிஸ்தவர்களே என்று எழுதி, சோக்கிரட்டீசையும் ஹெராக்ளிட்டசையும் அதில் சேர்த்தார்.

“அப்படியென்றால் திருவள்ளுவர், சேர்?” என்றேன்.

“‘அவர்களைப் போன்றவர்களும்’ என்றும் எழுதியிருக்கிறார். கொப்பியில் குறித்துக்கொள்.”

சேரின் இடத்தில் வட ஆபிரிக்கக் கார்த்தேஜ் நகரத்து ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இருந்தால் என்னை வெளியே அனுப்பியிருப்பார். கிரேக்கத் தத்துவத்துக்கும் கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் உறவில்லை என்ற பொருளில், ‘ஏதென்சுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்டவர் அவர். அவரை நான் முழுதாக நம்பவில்லை. ஆன்மாவும் ஒருவகை உடம்பே என்று வாதாட அவர் துணைக்கழைத்தது ஸ்டோயிக்குகளை. அதே மேலங்கியைத் தாம் உடுத்ததற்கு நியாயம் சொல்லி ஒரு சிறுநூலும் எழுதினார்.

சேர் என் மனம் நோகாமலிருக்கத்தான் அந்த வரியைச் சொன்னார் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். சென்ற மாரியில் டொரோன்ரோ நூலகத்தில் ஜஸ்டினை எடுத்துப் புரட்டினேன். அந்த விண்ணப்பத்தின் 46ஆம் அதிகாரம். சோக்கிரட்டீஸ், ஹெராக்ளிட்டஸ், அடுத்ததாக, அவர்களைப் போன்றவர்களும்.