தரைக்கு அடியில் இரண்டு அங்குலத் தண்ணீர்

படகு வாங்கி ஏழு மாதம் ஆகிறது. சமையல்கட்டை மாற்றிக் கட்டி, வெளியே அடர்பச்சை அடித்து, கோடையில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு கால்வாயில் கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தோம். இதுவரை உருப்படியாக நடந்தது, தரையைப் பெயர்த்ததும் அதையே திரும்பப் போட்டதும்.

1989இல் கட்டிய இரும்பு நேரோபோட், அதாவது குறுகிய கால்வாய்களுக்கென்றே கட்டும் ஒல்லியான நீளப் படகு. நீளம் 50 அடி, அகலம் 6 அடி 10 அங்குலம். அகலத்தில் நமக்கு வேறு வழியே கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர், ஆக்ஸ்போர்டு மாதிரிக் கால்வாய்களுக்கு லாக் (படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி) ஏழடி அகலம் என்று வகுத்துவிட்டுப் போனார். அதற்குள் நுழைய வேண்டுமானால் இவ்வளவுதான். நிறுத்தியிருப்பது பிரான்ஸ்டன் பக்கம், கிராண்ட் யூனியன் கால்வாயும் ஆக்ஸ்போர்டு கால்வாயும் சந்திக்கிற ஊர். எனக்கு சனி, ஞாயிறு மட்டும்தான் வேலை செய்ய முடியும்.

வாங்குவதற்கு முன் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, அல்ட்ராசவுண்ட் கருவியால் தகட்டின் கனத்தை அளந்து பார்த்தோம். கட்டியபோது 5 மில்லிமீட்டராக இருந்த பக்கத் தகடு, மிகவும் தேய்ந்த இடத்தில் 4.3 காட்டியது. நாலுக்குக் கீழே போனால் காப்பீடு கிடைப்பது பொதுவாகச் சிரமம். பிழைத்தோம். தூக்கியது தூக்கியதுதான் என்று அடிப்பாகத்துக்கு மூன்று கோட் தாரும் அடித்துவிட்டோம். துருவைத் தடுக்க முந்தைய உரிமையாளர் துத்தநாகக் கட்டிகளை மாட்டி வைத்திருந்தார். அது கடலுக்குச் சரி. கால்வாய் நன்னீர், இங்கே மெக்னீசியம்தான் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். பழையதை எடுத்துவிட்டு நாலு மெக்னீசியக் கட்டி வைத்தோம்.

அடி ஓட்டை இல்லை என்று சான்றிதழே கையில் இருந்ததால், அடுத்த மாதம் பின்பக்கப் படிக்குக் கீழே இருந்த சின்ன மூடியைத் திறந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர். கிண்ணத்தால் மொண்டு மொண்டு வாளியில் ஊற்றினேன். நாற்பது லிட்டருக்குக் குறையாது. அடுத்த வாரம் வந்து பார்த்தால் மறுபடியும் கால் அங்குலம் ஏறியிருக்கிறது.

பக்கத்துப் படகில் ஒரு பெரியவர் இருக்கிறார், முப்பது வருடமாகத் தண்ணீரிலேயே குடியிருப்பவர். இறைப்பதை நிறுத்திவிட்டு எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொன்னார். இஞ்சின் இருப்பதால் படகு பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தே நிற்கும். ஆகவே எங்கே ஒழுகினாலும் தண்ணீர் அந்த மூடிக்குக் கீழேதான் வந்து சேரும். அங்கே நின்றுகொண்டு கண்டுபிடிக்கவே முடியாது.

முதலில் குளியல் தட்டைச் சந்தேகப்பட்டேன். கேசரிப் பவுடரைக் கரைத்து அதில் ஊற்றினேன். மறுநாள் மூடிக்குக் கீழே நிறமே இல்லை. சரி, அது நிரபராதி. அன்று இரவு அங்கேயே படுத்திருந்தோம். இரண்டு மணி வாக்கில் ‘டர்ர்’ என்று ஒரு வினாடி தண்ணீர் பம்ப் ஓடி நின்றது. “ஏங்க, குழாயை மூடலையா?” என்றாள் மனைவி. எல்லாக் குழாயும் மூடித்தான் இருந்தது. குழாய் திறக்காமல் பம்ப் ஓடினால் அழுத்தம் எங்கேயோ இறங்குகிறது என்று அர்த்தம்.

காலையில் ஒவ்வொரு குழாய் இணைப்புக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் விரித்தேன். நனைந்தது ஒன்றே ஒன்று, வெந்நீர்த் தொட்டியின் அழுத்த வால்வுக்குக் கீழே இருந்தது. வால்வு சரியாக மூடாமல் சொட்டுச் சொட்டாக நேரே படகின் அடிவயிற்றுக்குள் விட்டிருக்கிறது. புது வால்வின் விலை இருபது பவுண்டுக்குள். அதற்கு நான் இழந்த தூக்கத்துக்கு யார் விலை போடுவது!

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மழை பெய்த வாரங்களில் மட்டும் ஈரம் திரும்ப வந்தது. ஜன்னல்கள்! அலுமினியச் சட்டத்தின் வெளிப்பக்கம் தண்ணீர் வடிவதற்குச் சின்ன ஓட்டைகள் உண்டு. எல்லாம் பாசி பிடித்து அடைத்துக் கிடந்தன. கம்பியால் குத்திவிட்டதும் பாதி சரியானது. மீதிக்காக எட்டு ஜன்னலையும் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புது டேப் ஒட்டி மாட்டினேன். ஒரு நாளைக்கு ஒரு ஜன்னல், அதற்கு மேல் முடியவில்லை.

ஜன்னலைக் கழற்றினால் கீழே பிளைவுட் பிஸ்கட் மாதிரி நொறுங்குகிறது. அதைப் பிடுங்கினால் பின்னால் தெர்மாகோல். தெர்மாகோல் தொட்ட இடத்திலெல்லாம் மின்வயரின் பிளாஸ்டிக் உறை பிசுபிசுவென்று ஒட்டி, வளைத்தால் வெடிக்கிற மாதிரி விறைத்துப் போயிருந்தது. உறையை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெயைத் தெர்மாகோல் உறிஞ்சிவிடுமாம். சுவரைத் திறக்காமல் சமையல்கட்டைக் கட்டியிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது. வயர் முழுவதும் புதிது போட்டேன், இந்த முறை பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு. கூடவே இன்னொரு புதிரும் தீர்ந்தது. பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்தும், பன்னிரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் ஃபிரிட்ஜ் ஓடும்போது அங்கே 11.8தான் வந்துகொண்டிருந்தது. 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை எடுத்துவிட்டு 10 போட்டதும் 12.3.

கடைசியாகத் தரை. படகு ஆடாமல் நிற்கப் பாரத்துக்காகச் சிமெண்ட் பலகைகளை இரும்பின் மேலேயே அடுக்கியிருந்தார்கள். அவற்றுக்கு அடியில் ஈரம் காயவே காயாது. இடப்பக்கத்துப் பலகைகளை உற்சாகமாக ஒவ்வொன்றாகக் கரையில் ஏற்றினேன். படகு வலப்பக்கம் சாய்ந்து, குளியலறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது. மேசையிலிருந்த டீ என் போன் மேல். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்குப் பதினோராவது பலகையில்தான் தெரிந்தது. துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, காற்றுப் போக ரப்பர் பட்டை வைத்து, அதன் மேல் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினேன்.

மூடிக்குக் கீழே இப்போது ஒரு டிஷ்யூ பேப்பர் போட்டு வைத்திருக்கிறேன். போய் இறங்கியதும் டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. ஆறு வாரமாகக் காய்ந்தே இருக்கிறது, நடுவில் நல்ல மழையும் பெய்தது. அடுத்த மாதம் நாலு வருடத்துக்கு ஒரு முறை வரும் படகுப் பாதுகாப்புச் சோதனை. சமையல்கட்டுக்கு மனைவி தேர்ந்தெடுத்த நீல டைல்ஸ் பெட்டி பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதன் எடையில் படகு கொஞ்சம் இடப்பக்கம் சாய்வதாக எனக்குத் தோன்றுகிறது. அவள் ஒப்புக்கொள்ளவில்லை.