ஏழாம் தேதிக்குள்: ஒரு தையற்கடை நாட்குறிப்பு

17 ஜூலை 2025, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் அதைத் தெரிந்துகொள்ள நாள்காட்டி வேண்டாம், என் கடை வாசலில் நின்றால் போதும். கல்யாணம் இல்லை, பரிசம் இல்லை, அதனால் புது ரவிக்கையும் இல்லை. கூழ் ஊற்றப் போகிறவர்கள் இருக்கிற புடவையோடு போய்விட்டு வருகிறார்கள். இன்று வந்தது ஒரு பள்ளிச் சீருடைப் பாவாடை, ஜிப் மாற்ற. ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து ரிங்கிட்.

அம்மா மூலையில் உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். முட்டி தேயும்வரை ரப்பர் தோட்டத்துப் பால்மரக்காட்டில் வேலை பார்த்தவர். நான் சிடுசிடுப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மழை பேஞ்சா பால் வெட்டு இல்ல. பட்டை நனைஞ்சிருந்தா பால் கோட்டுல ஓடாது, பால் புடிக்கிற மங்குக்கு வராம வழிஞ்சு போயிடும். காலைல பேர் கூப்பிடுற பெரட்டுல நின்னுட்டு வீட்டுக்கு வந்துடுவோம். அன்னிக்குத்தான் லயத்து வீடுகள்ல சண்டையெல்லாம் நடக்கும். நீயும் உன் புருசன்கிட்ட வாயைக் குடுக்காத.”

27 ஜூலை, ஞாயிறு

ஈப்போவில் ஒரு வெற்றி முகாம். மாமா மகன் டிக்கெட் வாங்கிவிட்டான், போகாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். மேடையில் இருந்தவர் “வெறி வேணும்! பசி வேணும்!” என்றார். எழுந்து நின்று கத்தச் சொன்னார், கத்தினோம். என் பக்கத்தில் கோலகங்சாரிலிருந்து வந்த தோசைக்கடை அக்கா, விடியற்காலை மூன்று மணிக்கு மாவு எடுத்தவர், அந்தச் சத்தத்திலும் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். அந்த மண்டபத்தில் வியாபாரத்தை நிஜமாகத் தாங்கிப் பிடிப்பவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றியது.

முடிவில் 3,000 வெள்ளி வகுப்புக்கு ஒரு படிவம் நீட்டினார்கள். அந்தக் காசுக்கு நல்ல ஓவர்லாக் மெஷின் வாங்கலாம். ஆனால் பொத்தாம் பொதுவாகக் குறை சொல்வதும் சரியில்லை. பயத்தை மனசில் வைத்துப் புரட்டாமல் எண்ணாக எழுதிப் பாருங்கள் என்றார் அந்த மேடைக்காரர். அது காதில் நின்றது.

1 ஆகஸ்ட், வெள்ளி

ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் கடைகளுக்கும் இன்று முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. பெரிய இடங்களுக்குப் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. என் கடையில் ஒரே ஒரு பெண், தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறாள். இதுவரை 1,500. சந்தையில் இதே பேச்சு. ஆளை நிறுத்திவிடப் போகிறேன் என்று இரண்டு பேர் என்னிடமே சொன்னார்கள்.

எனக்கும் வயிறு கலங்கித்தான் இருந்தது. மதியம் நோட்டை எடுத்தேன். கூடுதல் சம்பளம் 200. முதலாளி கட்டும் சேமநிதி 13 விழுக்காடு, 195 கட்டிய இடத்தில் இனி 221. பெர்கேசோ என்கிற தொழிலாளர் காப்புறுதிப் பணமும் கொஞ்சம் ஏறும். ஆக மொத்தம் மாதம் 230 வெள்ளி அளவில். லைனிங் வைத்த ரவிக்கைக்கு நான் வாங்குவது 55. துணி, நூல், கொக்கி போனால் கையில் நிற்பது 45. அப்படியென்றால் மாதத்துக்கு ஐந்து ரவிக்கை, ஆறாவதில் ஒரு கொக்கி.

நேற்று இரவு முழுக்க என்னைப் புரட்டிப் போட்ட பூதம் இவ்வளவுதான். ஆடியில் அந்த ஐந்தும் எங்கிருந்து வரும் என்பது வேறு கேள்வி.

7 ஆகஸ்ட், வியாழன்

ஜூலைச் சம்பளம் கொடுத்தேன். மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், சட்டம் அப்படி. சட்டம் இல்லாவிட்டாலும் கொடுப்பேன்தான். ஆனால் தேதி என்று ஒன்று இருப்பது என்னை எழுப்பி உட்கார வைக்கிறது. படுத்துக் கிடக்கலாமா என்று நினைக்கும் காலையில் எனக்கு வெறியும் வருவதில்லை, பசியும் வருவதில்லை. அந்தப் பெண்ணின் வீட்டில் மோட்டார் தவணை ஒன்று ஓடுகிறது என்பதுதான் ஞாபகம் வருகிறது.

18 ஆகஸ்ட், திங்கள்

ஆவணி வந்ததும் கூட்டமும் வந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் கையில் பிளாஸ்டிக் பை. இணையத்தில் வாங்கிய ரெடிமேட் ரவிக்கை, 30 வெள்ளிகூட இல்லை. அந்த விலைக்கு என்னால் லைனிங்கே வைக்க முடியாது. “அக்கா, பக்கம் மட்டும் பிடிச்சுக் குடுங்களேன்” என்கிறார்கள், கொஞ்சம் கூச்சத்தோடு, பக்கத்து வீட்டுச் சோற்றை என் அடுப்பில் சூடாக்கக் கேட்பதுபோல.

பிரித்துப் பார்த்தேன். தையல் மட்டம்தான். ஆனால் பக்கத் தையலில் உள்ளே நிறையத் துணி விட்டிருக்கிறார்கள். பிடிக்கவும் செய்யலாம், விடவும் செய்யலாம். கை வளையம் சரிசெய்வதுதான் வேலை, அதைத் தெரியாதவர் தொட்டால் அக்குளில் இழுக்கும். பக்கம் பிடிக்க 8 வெள்ளி, கையும் சேர்த்தால் 15. கால் மணி நேரத்தில் முடிகிறது. நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு புது ரவிக்கை தைப்பதோடு ஒப்பிட்டால் நஷ்டமே இல்லை.

“ஆன்லைனில் வாங்கிய ரவிக்கை இங்கே அளவு சரிசெய்யப்படும்” என்று அட்டை எழுதி மாட்டினேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “எவனோ தச்சதுக்கு நீ ஒட்டுப் போடணுமா?”

31 ஆகஸ்ட், ஞாயிறு

சுதந்திர தினம், கடை அடைப்பு. எதிர்வீட்டு ஆன்ட்டி கூட்டு, அதாவது சீட்டு பிடிக்கக் கூப்பிட்டார், தீபாவளிக்குத் துணி இறக்க மொத்தமாகக் காசு கிடைக்குமாம். கூட்டுக்கு 1971-லேயே தடைச்சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் எங்கள் குடியிருப்பு முழுக்க நடக்கிறது. கூட்டுக்காரர் ஓடிப்போனால் போலீசில் போய் என்னவென்று சொல்வது? மாட்டேன் என்றேன். சிறு வியாபாரத்துக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குனில் இந்திய வணிகர்களுக்கென்றே ஸ்பூமி என்ற கடன் இருக்கிறது. மெஷின் வாங்குவதென்றால் அங்கே போவேன். சம்பளம் கொடுக்கக் கடன் வாங்குவது எனக்கு ஒத்துவராது.

இந்தப் பேச்சில் அம்மா தன் அம்மாவை இழுத்தார். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன காலம்; வேலையும் வீடும் சேர்ந்தே போயின. அப்போதுதான் 1960-ல் நம்ம ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். மாதம் பத்து வெள்ளி, நூறு வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு. பாட்டி அந்தப் பேச்சைக் கேட்டதே இல்லையாம். பக்கத்து லயத்து அம்மா கட்டினார், இவரும் கட்டினார். வசூலுக்கு வருபவர் சத்தமாகப் பேர் வாசிப்பாராம். தன் பேர் வரும்போது “இல்லை” என்று சொல்லக் கூடாது, பாட்டியின் கவலை முழுக்க அதுதான். சம்பந்தன் மேடையில் என்ன பேசினார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. பங்குச் சீட்டு மட்டும் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூசை. மெஷினுக்கு எண்ணெய் விட்டு, பாபின் பெட்டியில் அடைந்த பஞ்சை எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். கத்தரிக்கோலும் அளவு நாடாவும் வாழை இலையில். பொரிகடலையை அந்தப் பெண் பாதி தின்றுவிட்டாள்.

12 அக்டோபர், ஞாயிறு

தீபாவளிக்கு எட்டு நாள். இந்த வாரம் முழுக்க நள்ளிரவு தாண்டித்தான் படுத்தேன். அந்தப் பெண்ணை ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் ஒன்றரை மடங்கு கூலி, அதுவும் நோட்டில் ஏறுகிறது. இன்று காலை கடைக்குக் கிளம்பினேன், அம்மா சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

“ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மரத்த வெட்டுவோம். பால் நல்லா வருதுன்னு தினம் கத்தி வச்சா பட்டை காஞ்சிடும். அப்புறம் மாசக்கணக்கா ஒரு சொட்டு வராது.”

“தீபாவளி காத்திருக்குமாம்மா?”

“தீபாவளி காத்திருக்காது. ஆர்டர நிறுத்து.”

மதியம் வரை தூங்கினேன். சாயங்காலம் “தீபாவளி ஆர்டர் முடிந்தது” என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். ஒருவர் கோபித்துக்கொண்டார், மூன்று தலைமுறைப் பழக்கமாம். கோபம் தைப்பூசத்துக்குள் தீர்ந்துவிடும்.

19 அக்டோபர், ஞாயிறு

எல்லாம் போய்ச் சேர்ந்தது. ஒரே ஒரு ரவிக்கையை யாரும் எடுக்க வரவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. முன்பணம் வாங்கியிருக்கிறேன், அதனால் தூக்கம் வரும்.

7 நவம்பர், வெள்ளி

அக்டோபர் சம்பளம் கொடுத்தாயிற்று, கூடுதல் நேரக் கூலியோடு. கணக்கைப் பார்த்தால், வரவில் மூன்றில் ஒரு பங்கு நான் தைக்காத ரவிக்கைகளிலிருந்து வந்திருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி இல்லை, படிக்க முடியவில்லை என்றார்.

அந்தப் பெண் வெட்டக் கற்றுக்கொடுக்கச் சொன்னாள். பழைய வேட்டித் துணியை விரித்துச் சாக்கட்டியைக் கொடுத்தேன். “கத்துக்கிட்டா எதிர்லயே கடை போடுவா, பாரு,” என்றார் அம்மா, அவள் காதுபடவே. போடட்டும். அதுவரைக்கும் இரண்டு மேசையில் துணி வெட்டலாம்.

தைப்பூசம் இந்த முறை பிப்ரவரி 1-லேயே வருகிறது. மஞ்சள் துணிக்காக ஈப்போ கடைக்குப் போன் போட்டேன்.

“என்னக்கா, எங்க வீட்டுல தீபாவளி முறுக்கே இன்னும் தீரலையே!”

“அத நீங்க மெதுவா தின்னுங்க. துணிய மட்டும் இப்பவே எடுத்து வைங்க.”