அபிகே டபிரி-எரேவாவை ஆய்வுக்கு எடுத்த அனுபவம்: ஜூனியர்களுக்குச் சில குறிப்புகள்

இதழியல் முதுகலையின் கடைசி செமஸ்டரில் 'ஊடகத்திலிருந்து அரசியலுக்கு' என்ற பொதுத் தலைப்பில் ஆளுக்கொரு நபரை எடுத்து ஆய்வேடு எழுதச் சொன்னார்கள். நான் நைஜீரியாவின் அபிகே டபிரி-எரேவாவை எடுத்தேன். வெளிநாட்டு அரசியல்வாதி ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு எங்கே தொடங்குவது என்று தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஆளைப் பற்றி. 1962-இல் ஜோஸ் நகரில் பிறந்தவர். இஃபே பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் லாகோஸ் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்பியலும் படித்தார். அரசுத் தொலைக்காட்சியான என்டிஏவில் சுமார் 15 ஆண்டுகள் இருந்தார். 'நியூஸ்லைன்' நிகழ்ச்சிதான் அவரை வீடுதோறும் தெரிந்த முகமாக்கியது. 2003-இல் லாகோஸ் மாநிலத்தின் இகொரோடு தொகுதியிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். மூன்று முறை வென்று 2015 வரை உறுப்பினராக இருந்தார். அப்புறம் ஜனாதிபதி புஹாரியின் ஆட்சியில் வெளிநாடுவாழ் நைஜீரியர் விவகாரங்களைக் கவனித்தார். அதற்கென அமைந்த ஆணையத்தின் தலைவராகவும் ஆனார்.

பலர் இந்த ஒரு பத்தியைத்தான் நாலு அத்தியாயமாக இழுக்கிறார்கள். பதவிகளின் பட்டியல் ஆய்வாகாது. அவர் கைவைத்த ஏதாவது ஒரு வேலையைப் பிடித்து, அதன் கூடவே போங்கள். நான் பிடித்தது தகவல் அறியும் சுதந்திர மசோதா.

இந்த மசோதாவின் கதையே ஒரு பாடம். ராணுவ ஆட்சிக் காலமான 1990-களில் மீடியா ரைட்ஸ் அஜெண்டா உள்ளிட்ட அமைப்புகளும் பத்திரிகையாளர் சங்கமும் சேர்ந்து இதன் வரைவை உருவாக்கின. 1999-இல் மக்களாட்சி திரும்பியதும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது, ஆனால் நகரவில்லை. 2003-இல் சபைக்கு வந்த டபிரி-எரேவா அதை முன்னெடுத்தவர்களில் ஒருவர். இரு அவைகளும் நிறைவேற்றிய பிறகும் 2007-இல் ஜனாதிபதி ஒபாசாஞ்சோ ஒப்புதல் தரவில்லை. அங்கே ஒரு சபையின் காலம் முடிந்தால் மசோதாவும் போச்சு, புதிய சபையில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைசியில் 2011 மே 28 அன்று ஜனாதிபதி குட்லக் ஜொனாதன் கையெழுத்திட்டார். ஒரே உறுப்பினர் அடுத்தடுத்து தேர்வானது ஏன் முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

எனக்கு அதிகம் சுவையாக இருந்தது இதற்கு முந்தைய பகுதி. 1977-இல் ராணுவ அரசு மாநிலத் தொலைக்காட்சி நிலையங்களை ஒன்றாக்கி என்டிஏவை அமைத்தது. தனியார் ஒளிபரப்புக்கு வழி திறந்ததே 1992-இல்தான். அதாவது, அரசு எதைச் சொல்லலாம் என்று முடிவு செய்கிற வீட்டுக்குள் இருந்து வந்தவர், அரசின் கோப்புகளைத் திறக்கச் சொல்லும் மசோதாவைக் கையில் எடுக்கிறார். இது முரணா, இல்லை அந்த அனுபவத்தின் விளைவா? இரண்டு பக்கமும் வாதிடலாம். விளைவு என்பதுதான் என் கட்சி. ஆனால் அவர் மனதில் என்ன இருந்தது என்று நாமே எழுதிவிடக் கூடாது. பேட்டியில் அவர் சொன்னது இருந்தால் மேற்கோள் காட்டுங்கள், இல்லையென்றால் உங்கள் ஊகம் என்று வெளிப்படையாகவே எழுதுங்கள்.

தகவல் தேடும்போது பெயரைக் கவனியுங்கள். பழைய செய்திகளில் அவர் வெறும் 'அபிகே டபிரி'. கட்சிப் பெயர்களும் குழப்பும். அலையன்ஸ் ஃபார் டெமாக்ரசி, ஆக்‌ஷன் காங்கிரஸ் என்று தொடங்கி, 2013-இல் உருவான ஆல் புரோகிரஸிவ்ஸ் காங்கிரஸ் (APC) வரை பெயர்கள் மாறிக்கொண்டே போகும். பார்த்தால் கட்சி தாவியவர் போலத் தெரியும்; உண்மையில் தென்மேற்கு நைஜீரியாவின் ஓர் அரசியல் அணியே பிளந்தும் இணைந்தும் பெயர் மாறியது. தேதிகளிலும் இதே சிக்கல். வெளிநாடுவாழ் நைஜீரியர் ஆணையச் சட்டம் 2017-ஆம் ஆண்டினது, தலைவர் பதவிக்கு அவர் பெயர் வந்தது 2018 இறுதியில். எந்த ஆண்டு எதைக் குறிக்கிறது என்று எழுதாமல் வெறும் ஆண்டை மட்டும் போட்டால் வைவாவில் (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வீர்கள்.

வைவா என்றதும் ஞாபகம் வருகிறது. 'தகவல் சட்டத்தைக் கொண்டுவந்தவர் இவர்தான் என்று சொல்லலாமா?' என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடாதீர்கள். வரைவு எழுதிய அமைப்புகளையும் பத்தாண்டுக்கு மேல் நடந்த பிரசாரத்தையும் சொல்லிவிட்டு, சபைக்குள் அவர் ஆற்றிய பங்கைத் தனியாகச் சொல்லுங்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் நம் ஊர்ச் சட்டத்தோடு ஒப்பீடாக இருக்கும். இந்தியாவின் 2005 சட்டத்தில் பதில் தர 30 நாள். நைஜீரியாவில் 7 நாள், தேவைப்பட்டால் இன்னும் 7. தமிழ்நாடு 1997-லேயே தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டதையும் சேர்த்துச் சொல்லலாம். தேர்வாளர்கள் அதை எதிர்பார்ப்பதில்லை.