மாத்திரை இல்லாத இரவு

தலையில் துளை போட்டு ஆபரேஷன், அதுவும் விழித்திருக்கும்போதே என்றால் எல்லோரும் அந்த மேஜையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். கை நடுங்கி உடம்பு இறுகும் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களைக் கவனிக்கும் செவிலியராக நான் பார்த்தவரை, அவர்களை அதிகம் வாட்டுவது அதற்கு முந்தின இரவு.

ஒருவரைச் சொல்கிறேன். கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்து பொடிப்பொடியாகச் சுருங்கி, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் காசோலை திரும்பி வந்த பிறகுதான் முதன்முதலாக டாக்டரிடம் போனாராம். வங்கியில் புதுக் கையெழுத்து பதிந்துகொண்டார்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை சில வருடம் நன்றாகவே கேட்டது. அப்புறம் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, மூன்று மணி நேரத்துக்கு ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று நெருங்கிவிட்டது. மருந்து ஏறினால் உடம்பு தன்னால் வளைந்து நெளியும், இறங்கினால் கட்டையாகிவிடும். அந்த நிலையில்தான், மூளைக்குள் மின்முனை வைத்து மின்சாரம் கொடுக்கும் அறுவை சிகிச்சைப் பேச்சு வந்தது.

ஆபரேஷன் நேரத்தில் நோய் முழுதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக முந்தின இரவே மாத்திரையை நிறுத்திவிடுவோம். நள்ளிரவு தாண்டியதும் அவரால் புரண்டு படுக்க முடியவில்லை. தலையணை சரிந்து கழுத்து தொங்கியது. அழைப்பு பொத்தான் ஒரு சாண் தூரத்தில் இருந்தும் விரல் அதுவரை போகவில்லை. மூன்று மணிக்கு எட்டிப் பார்த்தபோது, "சிஸ்டர், ரொம்ப நேரமா மூக்கு அரிக்குது" என்றார். சொரிந்துவிட்டேன். இந்த நோயில் முகமும் இறுகிவிடும்; அவர் சிரிக்கிறார் என்பது மூச்சில்தான் தெரிந்தது.

காலையில் மரத்துப்போக ஊசி போட்டு, தலையில் நான்கு திருகுகளால் சட்டம் பொருத்தி, ஸ்கேன் எடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். மூளைக்கு வலி தெரியாது. துளை போடும்போது, "வலிக்கல சிஸ்டர், மண்டைக்குள்ள மிக்சி ஓடுது" என்றார். மறைப்புத் துணிக்கு இந்தப் பக்கம் அவர் முகத்தெதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பது என் வேலை. மெல்லிய மின்முனை கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, நரம்பணுக்களின் சத்தம் ஒலிபெருக்கியில் வந்தது. மூளையின் ஆழத்தில் இருக்கும், மொச்சைக் கொட்டையைவிடச் சிறிய சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற பகுதிதான் இலக்கு. அதற்குள் நுழைந்ததும் தகரக் கூரையில் மழை வலுத்தது போல இருந்தது.

மின்சாரம் கொடுத்ததும் நடுங்கிக்கொண்டிருந்த வலது கை நின்றுவிட்டது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது. 1987-இல் பிரான்சின் கிரெனோபிளில் நரம்பு அறுவை சிகிச்சை டாக்டர் அலிம்-லூயி பெனாபிட் இந்த முறையைத் தொடங்குவதற்கு முன்னால், நடுக்கத்துக்கு மூளையில் சிறு பகுதியைச் சுட்டு அழிப்பார்கள். அழித்தால் அழித்ததுதான். இதில் மின்சாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தியும் விடலாம்.

மின்சாரத்தைக் கூட்டினார்கள். கிழமைகளை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். புதன் வரை சரியாக வந்தார், வியாழன் குழறியது. "வாய் இழுக்குது" என்றதும் குறைத்தார்கள். இதைக் கண்டுபிடிக்கத்தான் அவர் விழித்திருக்க வேண்டியிருந்தது. முழு மயக்கத்தில் செய்யும் இடங்களும் இப்போது உண்டு.

பிறகு மயக்கம் கொடுத்து, காறை எலும்புக்குக் கீழே, மின்முனைக்கு மின்சாரம் தரும் பேட்டரிக் கருவியைத் தோலுக்கு அடியில் வைத்தார்கள்.

அடுத்த சில நாள் கருவியை இயக்காமலேயே நன்றாக நடந்தார். மின்முனை உள்ளே போனதால் வரும் தற்காலிகப் பலன் அது; வீக்கம் வடிந்ததும் நடுக்கம் திரும்பியது. "எல்லாம் வீணாப் போச்சா சிஸ்டர்?" என்று அவர் மனைவி அழுதுவிட்டார். முதலிலேயே சொல்லிவைக்காதது எங்கள் பிழைதான். சில வாரம் கழித்துக் கருவியை இயக்கி, ஒவ்வொரு முறை வரும்போதும் கொஞ்சம் மாற்றி, மாத்திரையையும் குறைத்தோம்.

கை அடங்கியது, நடை தேறியது. குரல் மட்டும் முன்பைவிடத் தணிந்துபோனது. குரலுக்கு இந்தச் சிகிச்சை பெரும்பாலும் உதவுவதில்லை. சிலருக்கு மோசமாக்கியும் விடும். "கை நின்னுடுச்சு, ஆனா இவர் பேசறது எனக்கே கேக்கறதில்ல" என்றார் மனைவி.

கடைசியாக வந்தபோது அவர் ஏதோ சொன்னார். குனிந்து காதைக் கொடுத்த பிறகுதான் புரிந்தது. "எழுத்து பெரிசாயிடுச்சு சிஸ்டர். பேங்க்ல மறுபடியும் கையெழுத்து சேரலையாம்."