கிசால்லோ மாதாவுக்கு நேர்ந்த மணி

தம்பி சாலையில் அடிபட்டு மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தான். பின்னால் வந்த கார் அவன் சைக்கிளை இடித்துவிட்டு நிற்காமலே போய்விட்டது. மூன்றாவது நாள் ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நேர்ந்துகொண்டேன். "மாதாவே, இவனை எழுப்பித் தாரும். கிசால்லோ மலையில் இருக்கும் உமது கோயிலுக்குச் சைக்கிள் மிதித்தே ஏறி வந்து, இவன் வண்டி மணியை உம் பாதத்தில் வைக்கிறேன்."

கிசால்லோ என்ற பெயரை எனக்குச் சொன்னதே அவன்தான். வடக்கு இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே மக்ரேல்யோ என்று ஒரு சிற்றூர். அங்கே 754 மீட்டர் உயரத்தில் மலைச்சாலை ஓரமாக ஒரு சின்ன மாதா கோயில். 1949 அக்டோபர் 13 அன்று திருத்தந்தை 12ஆம் பயஸ், கிசால்லோ மாதாவைச் சைக்கிள் ஓட்டுபவர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். "சைக்கிள்காரங்களுக்குன்னே ஒரு மாதா இருக்காங்க அக்கா" என்று தம்பி ஒருநாள் சொன்னது அந்த வராந்தாவில் எனக்கு ஞாபகம் வந்தது.

அவன் எழுந்தான். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க எட்டு மாதம் ஆனது. சைக்கிள் பக்கம் மட்டும் போகவே இல்லை. நசுங்கிய வண்டியிலிருந்து மணியை மட்டும் கழற்றி வைத்திருந்தேன். பித்தளை மூடி, ஒரு பக்கம் கட்டைவிரல் அளவுக்கு உள்ளே குழிந்திருக்கும். தட்டினால் முதல் சத்தம் தெளிவாக வரும், அதன் பின்னாலேயே ஒரு சிறிய கரகரப்பு. அந்த மணியை என் வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து, ஒரு செப்டம்பர் கடைசியில் கோமோ நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

காலையில் கோமோ பேராலயத்தில் திருப்பலி பார்த்துவிட்டுப் புறப்பட்டேன். 1396ல் கட்ட ஆரம்பித்த கோயில் அது. அதன் முகப்பில், நடு வாசலுக்கு இருபுறமும் உட்கார்ந்திருப்பவர்கள் புனிதர்கள் இல்லை. மூத்த பிளினி, இளைய பிளினி என்ற இரண்டு ரோமானிய எழுத்தாளர்கள். கிறிஸ்தவர்களே இல்லாத இருவருக்கு, தங்கள் மண்ணின் பிள்ளைகள் என்பதற்காக ஊர்க்காரர்கள் கோயில் வாசலில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கோமோவிலிருந்து பெல்லாஜியோ வரை ஏரிக்கரையோடு சுமார் 30 கிலோமீட்டர். ஏரி கவிழ்த்துப் போட்ட ஒய் வடிவில் இருக்கிறது. 400 மீட்டருக்கு மேல் ஆழம். சாலை குறுகல், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கல்சுவர், அதற்குக் கீழே தண்ணீர். எதிரே பஸ் வந்தால் ஒதுங்கி நின்றுதான் ஆக வேண்டும். அதனால் விடிந்த கையோடு கிளம்பிவிடுவது நல்லது.

வழியில் தோர்னோ. இங்கே புனித யோவான் கோயிலில், ஆண்டவரின் சிலுவையில் அறையப்பட்ட ஆணிகளில் ஒன்று என்று தலைமுறை தலைமுறையாக வணங்கப்படும் ஆணி இருக்கிறது. வாசலில் வண்டியைச் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் முழந்தாளிட்டேன். ஊரைத் தாண்டியதும் கரையோரமாகப் பிளினியானா மாளிகை. ஒரு நாளில் மூன்று முறை ஏறி இறங்கும் ஊற்று ஒன்றைப் பற்றி இளைய பிளினி தன் நண்பருக்குக் கடிதம் எழுதினாரே, அந்த ஊற்று இங்கேதான். அப்புறம் நெஸ்ஸோ. மலையைப் பிளந்துகொண்டு அருவி விழுந்து ஏரியில் கலக்கும் இடத்தில் ஒரு பழைய கல்பாலம். பாலத்தின் மேலே நின்றால் சாரல் முகத்தில் அடிக்கிறது. தண்ணீர் பாட்டிலை எடுக்கக்கூடத் தோன்றவில்லை, அப்படியே நின்றேன்.

பெல்லாஜியோ ஏரியின் இரண்டு கிளைகளும் பிரியும் முனை. புனித யாக்கோபு கோயில் பழைய ரோமனெஸ்க் பாணிக் கட்டடம், உள்ளே நல்ல இருட்டும் குளிர்ச்சியும். அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். ஏற்றம் இங்கிருந்துதான் ஆரம்பம்.

இந்த ஏற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். மொத்தம் எட்டரை கிலோமீட்டர், சராசரிச் சரிவு 6 சதவீதம் சொச்சம். எண்ணைப் பார்த்தால் சுலபம் போலத் தெரியும், அதை நம்பிவிடக் கூடாது. முதல் நான்கு கிலோமீட்டர் 9 சதவீதம், இடையில் 14 சதவீதம் வரைக்கும் நிமிர்கிறது. அதன் பிறகு சாலை சமமாகி, கொஞ்சம் இறங்கவும் செய்கிறது. கடைசி ஒன்றரை கிலோமீட்டர் மறுபடியும் 9 சதவீதம். நடுவில் வருகிற சமதரைதான் சராசரியைக் குறைத்துக் காட்டுகிறது. ஆரம்பத்திலேயே சக்தியைச் செலவழித்துவிட்டால் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. நான் முதல் வளைவிலேயே ஆகக் குறைந்த கியருக்கு வந்துவிட்டேன். முன்னால் 34 பல், பின்னால் 32 பல். இதைவிடச் சிறிய கியர் கிடைத்தால் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம், நேர்த்திக்கடனுக்கு வேகம் கணக்கில்லை.

செபமாலையைக் கைப்பிடியில் சுற்றியிருந்தேன். மணி உருட்ட முடியாது, இரண்டு கையும் வண்டிக்கு வேண்டும். அதனால் மிதியிலேயே எண்ணினேன். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கினால் ஒரு மூச்சு வெளியே போகும். நான்கு மிதி. "ஆண்டவர் உம்முடனே" என்னும்போது இன்னொரு மூச்சு. செங்குத்தான இடத்தில் முழுச் செபமும் சொல்ல மூச்சு இல்லை, "மரியே, மரியே" மட்டும்தான் வந்தது. ஒரு மிதிக்கு ஒரு மரியே. வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. 14 சதவீதத்தில் முன்சக்கரம் லேசாகத் தூக்குகிற மாதிரி இருக்கும், உடம்பை முன்னால் சாய்த்தால் பின்சக்கரம் பிடிமானம் இழக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அதிலேயே இருந்தேன். வீட்டில் செபமாலை சொல்லும்போது மனசு எங்கெங்கோ ஓடும். இங்கே ஒரு நொடிகூட ஓடவில்லை.

சிவென்னா அருகே சாலை இளகியபோது மரங்களுக்கு இடையில் ஏரியின் மறு கிளை தெரிந்தது, அதற்கு அப்பால் 2410 மீட்டர் உயர கிரிஞ்யா மலை. நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் கால் இறுகிவிடும் என்று பயம். அப்புறம் கடைசி ஏற்றம். வளைவுக்கு வளைவு "இதுதான் கடைசி" என்று நினைத்து நினைத்து ஏமாந்து, ஒரு திருப்பத்தில் திடீரென்று மணிக்கூண்டு தெரிந்தது. தம்பியின் மணியை ஒரு தட்டு தட்டினேன். கரகரப்போடு அது ஒலித்தது.

பழைய கதை ஒன்று சொல்கிறார்கள். கிசால்லோ என்ற பிரபு இந்த வழியாகப் போனபோது கொள்ளையர்கள் விரட்டினார்களாம். வழியோரம் இருந்த மாதா படத்தின் அருகே ஓடி அடைக்கலம் புகுந்து தப்பித்தாராம். அன்றிலிருந்து வழிப்போக்கர்களின் மாதா இவள். சைக்கிள் பந்தயம் வந்தது பிறகுதான். 1905ல் தொடங்கிய லொம்பார்தியா பந்தயம் 1919ல் முதல் முறை இந்த மலை ஏறியது. இன்றும் பந்தயம் கடந்து போகும்போது கோயில் மணி அடிக்கிறார்கள்.

வெளியே திடலில் ஒரு வெண்கலச் சிற்பம். ஒரு வீரன் வெற்றியில் கையை உயர்த்தியிருக்கிறான், அவன் பக்கத்திலேயே இன்னொருவன் கீழே விழுந்து கிடக்கிறான். இரண்டு பேரையும் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள்.

கோயில் உள்ளே போனால் சுவரே தெரியாது. எங்கு பார்த்தாலும் சட்டங்களுக்குள் வீரர்களின் ஜெர்சிகள், மேலே வரிசையாகத் தொங்கும் சைக்கிள்கள். கொப்பி ஓட்டியது, மெர்க்ஸ் ஓட்டியது, பார்தாலி ஓட்டியது. 1948ல் திருத்தந்தை ஆசீர்வதித்த தீபத்தைச் சைக்கிள் வீரர்கள் கைமாற்றிக் கைமாற்றி இங்கே கொண்டு வந்தார்கள், பார்தாலியும் கொப்பியும் அதில் சேர்த்தி.

ஜீனோ பார்தாலியின் வண்டிக்குக் கீழே அதிக நேரம் நின்றேன். 1938லும் 1948லும் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை வென்றவர், ஆழ்ந்த பக்தர். போர்க்காலத்தில் பயிற்சிக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஃபிளாரன்சுக்கும் அசிசிக்கும் நடுவே சைக்கிள் மிதித்தார். யூதர்களைக் காப்பாற்றத் தயாரித்த போலி அடையாளத் தாள்கள் அவர் வண்டியின் குழாய்களுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். நன்மையைச் செய்ய வேண்டும், சொல்லிக்கொண்டு திரியக் கூடாது என்பது அவர் எண்ணம். 2000ல் அவர் இறந்து 13 வருடம் கழித்துத்தான் இஸ்ரேலில் உள்ள யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வஷேம் அவரைக் கௌரவித்தது. அவருடைய மிதி ஒவ்வொன்றும் செபம்தான் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

அப்புறம் அந்த இன்னொரு சைக்கிள். சுவரில் உயரே, முன்பகுதி வளைந்து உருக்குலைந்தது. ஃபாபியோ காசார்தெல்லி ஓட்டியது. இந்த ஏரிப்பக்கத்துப் பிள்ளை, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 1995 ஜூலை 18 அன்று பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில், பிரனீஸ் மலை இறக்கத்தில் விழுந்து இறந்தார். வயது 24, வீட்டில் கைக்குழந்தை. மறுநாள் யாரும் போட்டி போடவில்லை. எல்லோரும் சேர்ந்தே ஓட்டி, முடிவில் அவருடைய அணிக்காரர்களை முன்னே போகவிட்டார்கள்.

நன்றி சொல்லத்தான் வந்திருந்தேன். என் தம்பி எழுந்தான், இந்தப் பிள்ளை எழவில்லை. அந்த வளைந்த இரும்பைப் பார்த்தபடி நன்றி என்ற வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. அவரைப் பெற்றவர்களுக்காக, அவருடைய குழந்தைக்காக செபமாலையில் ஒரு பத்து மணி சொன்னேன். அதன் பிறகுதான் என் நன்றி வந்தது, அழுகையோடு.

வெளியே வந்து மணியைக் கைப்பிடியிலிருந்து கழற்ற ஆரம்பித்தேன். அப்போது தம்பியிடமிருந்து போன் வந்தது.

"ஏறிட்டியா அக்கா?"

"ஏறிட்டேன்டா. மணியைத்தான் கழட்டிட்டு இருக்கேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அங்க வெச்சுடாத. எனக்கு வேணும்."

"எதுக்குடா?"

"வண்டில மாட்டத்தான்."

நேர்ந்ததை மாற்றலாமா என்று பத்து நிமிடம் படியில் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு உள்ளே போய் மணியை மாதாவின் முன்னால் வைத்து, ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லி, எடுத்துக்கொண்டேன். அதே இடத்தில் என் செபமாலையை வைத்தேன். ஏற்றத்தில் ஊறிய வேர்வை அதில் இன்னும் காயாமல் இருந்தது.

இறக்கம் அஸ்ஸோ, கான்ஸோ, எர்பா வழியாக. சோர்மானோ சுவர் என்று இன்னொரு பயங்கர ஏற்றம் பக்கத்தில் இருக்கிறது, 25 சதவீதத்துக்கு மேல் போகும். அதற்கு இன்றைக்குக் காலில் பலம் இல்லை. எர்பாவிலிருந்து கோமோ திரும்பும் வழியில் அல்பேசே என்ற ஊர் வருகிறது. காசார்தெல்லி வளர்ந்த ஊர். சாயங்கால வெயில், தெருவில் ஆள் நடமாட்டம் குறைவு. ஊர்ப் பலகையைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து மணியை ஒரு முறை அடித்தேன். ஒரு வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்மணி எட்டிப் பார்த்துக் கை அசைத்தார். நானும் அசைத்தேன்.