குவாபின் தண்ணீரும் என் மேஜரும்

செப்டம்பர் 14
கல்லூரியில் இரண்டாம் ஆண்டு தொடங்கிவிட்டது, என் மேஜர், அதாவது பட்டத்துக்கான முதன்மைப் பாடம், எது என்று பிப்ரவரிக்குள் சொல்லியாக வேண்டும். எனக்குத் தண்ணீரைப் படிக்க வேண்டும், ஆனால் அது ஜியாலஜியில் கொஞ்சம், வரலாற்றில் கொஞ்சம், சட்டத்தில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. சொந்தமாக மேஜர் அமைத்துக்கொள்ள எங்கள் கல்லூரியில் வழி உண்டு. வெவ்வேறு துறைகளிலிருந்து இரண்டு வழிகாட்டிகள், பாடப் பட்டியல், இருக்கிற மேஜர்கள் ஏன் போதாது என்று ஒரு கடிதம், கடைசி ஆண்டில் ஆய்வேடு. அமெரிக்காவில் மேற்கு மாசசூசெட்ஸில் இருப்பதால் ஆமர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் என்று பக்கத்துக் கல்லூரிகளுக்குப் பஸ்ஸில் போயும் படிக்கலாம்.

அக்டோபர் 6
விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. 'நீரும் சமூகமும்' என்று பெயர் வைத்துப் பதினான்கு பாடங்களை வரிசையாக எழுதியிருந்தேன். ஓரத்தில் பென்சிலில் ஒரே வரி: "பாடங்கள் இருக்கின்றன, கேள்வி எங்கே?" இரண்டு நாள் கோபமாகத்தான் இருந்தது. அப்புறம் படித்துப் பார்த்தால், அந்தப் பட்டியலில் எதை எடுத்துவிட்டாலும் மற்றவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

அக்டோபர் 20
குவாபின் நீர்த்தேக்கத்துக்குப் போனோம். பாஸ்டனுக்குத் தண்ணீர் கொடுக்க ஸ்விஃப்ட் ஆற்றை மறித்தார்கள், அதற்காக டேனா, என்ஃபீல்டு, கிரீனிச், பிரெஸ்காட் ஆகிய நான்கு ஊர்களை 1938 ஏப்ரல் 28 அன்று சட்டப்படியே இல்லாமல் ஆக்கினார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் புதைத்தார்கள். டேனாவின் நடு ஊர் மட்டும் முழுகவில்லை, நாற்பதாம் கேட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். வீடுகள் இல்லை, அடித்தளக் குழிகள்தான். ஒரு குழிக்குள்ளிருந்து மரம் வளர்ந்து நிற்கிறது. பக்கத்தில் மூன்று கல்படிகள், ஏறினால் வெறும் புல்.

முழுகாத ஊரை ஏன் காலி செய்தார்கள்? சுற்றிலும் ஆள் குடியிருந்தால் தண்ணீர் கெட்டுவிடும் என்றார் கூட வந்த பேராசிரியர். இன்றைக்கும் அந்தத் தண்ணீரை வடிகட்டுவதில்லை, கிருமியை மட்டும்தான் நீக்குகிறார்கள். மீதி வேலையைக் காடு பார்த்துக்கொள்கிறது. அந்தப் படியில் உட்கார்ந்தே எழுதிவிட்டேன்: ஒரு நகரம் சுத்தமான தண்ணீர் குடிக்க யார் காலி செய்ய வேண்டும், அதை யார் முடிவு செய்கிறார்கள்?

நவம்பர் 9
கேள்வி கிடைத்ததும் ஆறு பாடங்கள் தாமாகவே உதிர்ந்துவிட்டன. காட்டியலும் புள்ளியியலும் உள்ளே வந்தன. ஸ்விஃப்ட்டை மறித்தால் கனெக்டிகட் ஆற்றில் தண்ணீர் குறைந்துவிடும் என்று கனெக்டிகட் மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போனது, 1931-இல் மாசசூசெட்ஸ்தான் ஜெயித்தது. இரண்டு மாநிலங்கள் வாதாடிய அந்த வழக்கில் நான்கு ஊர்க்காரர்களும் கட்சிக்காரர்களே இல்லை. எனக்கு இதுதான் தூக்கம் வராமல் செய்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். "ஏன்டி, என்ன படிக்கிறேன்னு யாராவது கேட்டா ஒரே வார்த்தையில சொல்ல வருமா?" நியாயமான கேள்வி. பதில் இல்லை.

டிசம்பர் 5
ஜியாலஜி வழிகாட்டி அடுத்த ஆண்டு முழுக்க விடுப்பு. மறுபடியும் கதவு கதவாக.

பிப்ரவரி 21
சம்மதித்துவிட்டார்கள்! 'நீர்ப்பிடிப்பு: காடு, சட்டம், வரலாறு'. ஒரே நிபந்தனை, புள்ளியியலை இந்தப் பருவத்திலேயே முடிக்க வேண்டும். வகுப்பு தொடங்கி நாளாகிவிட்டது, இன்று ராத்திரி இரண்டு அத்தியாயம்.

அம்மாவுக்குப் போன் செய்து பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எழுதி அனுப்பு, அப்பாகிட்ட படிச்சுக் காட்டறேன்" என்றாள்.